அம்சவள்ளியின் வேணாம் ஆட்டம்

அம்சவள்ளியைப் போல மெதுவாக வேலை செய்கிற பொம்பளையை நான் பார்த்ததில்லை. இதைப் புகழ்ச்சிக்காகச் சொல்லவில்லை. விக்கிரவாண்டியில் ரோட்டோர ஓட்டலில் பல வருஷம் பரோட்டா போட்டவன் நான். பஸ் நின்று கிளம்புவதற்குள் ஐம்பது பேருக்கு இலை போட்டு எடுத்த கை இது. தோள்பட்டை மக்கர் பண்ணவும் அந்த வேலையை விட்டுவிட்டு, கூட்டேரிப்பட்டு தாண்டித் திண்டிவனம் போகிற வழியில் இருக்கும் துளிர் இல்லத்துக்குச் சமையல் மாஸ்டராக வந்தேன். வந்த முதல் நாள் இட்லியை இறக்கி, சட்னிக்குத் தாளித்துக் கொட்டிவிட்டுக் காத்திருக்கிறேன், சாப்பிட ஒரு ஆளைக் காணோம். என்னடா என்று போய்ப் பார்த்தால் அம்சவள்ளி ஒரு பெண்ணின் எதிரே சீப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

“தல வாரட்டுமா?” என்று கேட்கிறாள். அந்தப் பெண் கூரையைப் பார்க்கிறாள். அம்சவள்ளியும் அவளோடு சேர்ந்து கூரையைப் பார்க்கிறாள். ரொம்ப நேரம் கழித்து அந்தப் பெண் தலையைக் குனிந்து கொடுத்தாள். அதற்கப்புறம்தான் சீப்பு முடியில் பட்டது. அதற்குள் என் இட்லி ஆறி அவலாகிவிட்டது.

துளிர் இல்லத்தில் இருக்கிறவர்கள் எல்லாம் வயது வந்த பெண்கள், இருபது சொச்சம் பேர். அறிவுசார் குறைபாடு என்று இப்போது எழுதுகிறார்கள். சிலருக்குப் பேச்சு வரும், சிலருக்கு வராது. குளிக்கவைக்க, உடுத்திவிட, கூட இருக்க அம்சவள்ளியும் இன்னும் மூன்று பேரும். மற்ற மூன்று பேரும் ஜல்தியாக முடித்துவிடுவார்கள். இவள் மட்டும் ஒவ்வொன்றுக்கும் கேட்பாள். தண்ணி ஊத்தட்டுமா, சோப்பு போடட்டுமா, இந்த நைட்டியா அந்த நைட்டியா. கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை காத்திருப்பாள். பதில் பேச்சாக வரவேண்டும் என்பதில்லை. ஒரு கையசைப்பு, ஒரு முகச்சுளிப்பு போதும்.

“அதுங்க இன்னா சொல்லப்போவுது, சட்டுபுட்டுனு ஊத்தி உடும்மா” என்று ஒருநாள் நான் கத்தியேவிட்டேன்.

அவள் கோபப்படவில்லை. திருவாமாத்தூர்ப் பக்கத்துக்காரி. நடவு, களை, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்குவது என்று வளர்ந்தவள். வெயிலில் குனிந்து நின்றவர்களுக்கு இருக்கிற ஒரு நிதானம் அவளுக்கு உண்டு. “மாஸ்டர், நான் வாய்க்கால்ல உழுந்து கால ஒடச்சிக்கினு கெடந்தப்ப எங்க மாமியாதான் குளிப்பாட்டினாங்க” என்றாள். “நல்ல மனுஷி. ஒரு நாளு மொகம் சுளிக்கல. ஆனா சொல்லாம கொள்ளாம சொம்பு தண்ணிய தலயில ஊத்துவாங்க. மூச்சு முட்டும். தெனமும் அந்த சொம்பு எப்ப வரும்னு பயந்துக்கினே ஒக்காந்திருப்பேன். கையாலாவாதவளுக்கு தண்ணிகூட பயம் மாஸ்டர்.”

மறுநாளிலிருந்து இட்லியை அரைமணி தாமதமாக ஊற்ற ஆரம்பித்தேன். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும். நான் கறந்தது ஓட்டல் மாடு, இது வேறு மாடு என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

வேணாம் ஆட்டம் அதற்கப்புறம் வந்தது. மோட்டார் ரிப்பேர் பார்க்க ஒரு ஆள் வந்திருந்தான். தண்ணி வேண்டும் என்று ஒரு பெண்ணைப் பார்த்து “இங்க வா” என்றான். அவளும் போய்விட்டாள். அவன் நல்லவன்தான், தண்ணியைக் குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுத்தான். ஆனால் அம்சவள்ளிக்கு அன்றைக்கு முழுக்கச் சோறு இறங்கவில்லை. “யாரு கூப்ட்டாலும் போவுதுங்க. யாரு இன்னா சொன்னாலும் சரின்னுதுங்க. வேணாம்னு சொல்லவே யாரும் சொல்லித்தரல” என்றாள்.

அன்று சாயந்திரமே எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்தாள். கையில் கிடைத்ததை எல்லாம் எடுத்து ஒவ்வொருத்தியிடமும் நீட்டினாள். துடைப்பம், பிய்ந்த செருப்பு, பழைய சாக்கு. “இந்தா, வாங்கிக்க.” வாங்கினால் தோற்றுவிட்டாள். “வேணாம்” என்றால் ஜெயித்தாள், எல்லோரும் கை தட்டுவார்கள். வாய் பேசாதவர்கள் கையால் தள்ளிவிட வேண்டும். முதல் வாரம் எல்லோரும் துடைப்பத்தை வாங்கிக்கொண்டு, சந்தோஷமாகத் தோற்றுக்கொண்டிருந்தார்கள். ஒரு மாசத்தில் காந்திமதி என்கிற ஐம்பது வயசுக்காரி, கூட்டத்திலேயே பெரிய குரல் அவளுக்கு, மேனேஜர் கலைப்பிரியா மேடம் கொடுத்த சத்து மாத்திரையைப் பார்த்து “வேணாம்” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

அதிலிருந்து எனக்குப் பிடித்தது சனி. உப்புமா கிண்டினால் வேணாம். கேப்பைக் கூழ் வேணாம். புடலங்காய் என்று பெயரைச் சொன்னாலே வேணாம். வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொண்ட கதையாகிவிட்டது. கலைப்பிரியா மேடமிடம் புகார் சொன்னேன். சமூகப்பணி படித்த பெண், சின்ன வயசு. விழுந்து விழுந்து சிரித்தார். “மாஸ்டர், அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு. உங்க உப்புமா எனக்கும் வேணாம்” என்றார்.

இந்த ஆட்டத்தில் ஜெயிக்கவே முடியாதவள் ஒருத்தி இருந்தாள். ரோஜா. முப்பது வயசு இருக்கும். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் தனியாக உட்கார்ந்திருந்தாள் என்று போலீஸ் கொண்டுவந்து விட்டு மூன்று வருஷமாகிறது. பெயரைச் சொன்னாள், ஊரைச் சொல்லத் தெரியவில்லை. துடைப்பம், செருப்புக்கெல்லாம் ஒழுங்காக வேணாம் சொல்வாள். அம்சவள்ளி வேண்டுமென்றே கடைசியில் ஒரு தின்பண்டத்தை நீட்டுவாள். அதிலும் உளுந்து வடை என்றால் ரோஜாவின் கை தானாக முன்னால் வந்துவிடும். தோற்றுப்போய், வடையைத் தின்றுகொண்டே, ஜெயித்தவர்களுக்குக் கை தட்டுவாள்.

இல்லத்தில் இன்னொரு வழக்கம் உண்டு. பிறந்தநாள், கல்யாண நாள் என்றால் வெளியாட்கள் வந்து ஒருவேளைச் சாப்பாடு போடுவார்கள். நான்தான் சமைப்பேன். கேக் வெட்டுவார்கள், நம் பெண்கள் சுற்றி நின்று ஹேப்பி பர்த்டே பாடுவார்கள். போட்டோ எடுக்கலாம், ஆனால் பெண்களின் முகம் வரக்கூடாது என்பது கலைப்பிரியா மேடம் போட்ட சட்டம். யார் யார் எதைவிட்டு இங்கே வந்தார்களோ, தேடிக்கொண்டு எவன் வருவானோ, தெரியாது அல்லவா. அந்தச் சட்டத்துக்குக் காவல் அம்சவள்ளி. யாராவது போனைத் தூக்கினால் குடையை விரித்த மாதிரி குறுக்கே வந்து நின்றுகொள்வாள்.

அன்றைக்கு விழுப்புரத்திலிருந்து சக்கரபாணி என்று ஒரு இரும்புக்கடைக்காரர் வந்தார். அவருடைய அப்பாவுக்கு வருஷ திதி. வடை, பாயசத்தோடு சாப்பாடு. மாலை போட்ட அப்பா படத்தை மேசைமேல் வைத்து, விளக்கு ஏற்றி, எல்லோரும் கண்ணை மூடி நின்றார்கள். சக்கரபாணி மூக்கை உறிஞ்சினார். அந்த அமைதியில் காந்திமதி படத்தை ஒரு பார்வை பார்த்தாள், பாயசத்தை ஒரு பார்வை பார்த்தாள். வெளியாள், இனிப்பு, படம், கூட்டம். அவளுக்குத் தெரிந்த கணக்குக்கு ஒரே விடைதான். கையைத் தட்டி ஆரம்பித்துவிட்டாள்.

“ஹேப்பி பர்த்டே டூ யூ...”

மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ரோஜா முன்வரிசையில் நின்று குதித்துக் குதித்துத் தட்டினாள். “ஹேப்பி பர்த்டே தாத்தா” என்று கடைசி வரியையும் திருத்திப் பாடி முடித்தார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. முதலில் சிரித்தது யார் என்று நினைக்கிறீர்கள்? இறந்தவருடைய மனைவி. அந்த அம்மா சேலையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். “அந்த மனுஷன் இருந்தவரைக்கும் பொறந்தநாளு கொண்டாடினதே இல்ல. இன்னிக்காவது நடந்துதே, உடு” என்றார். சக்கரபாணி கண்ணில் தண்ணியோடு சிரித்தார். சிரித்துக்கொண்டே போனை எடுத்தார். குறுக்கே வந்து நிற்கவேண்டிய அம்சவள்ளி சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

நல்ல மனசோடுதான் சக்கரபாணி அந்த வீடியோவை ஸ்டேட்டஸில் வைத்தார். பார்த்தவர்கள் ரசித்து நாலு குரூப்புக்கு அனுப்பினார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அடுத்த வாரமே வாசலில் ஒரு கார் வந்து நின்றது.

இறங்கியவர் அப்பாதுரை, ரோஜாவின் தாய்மாமன். வெள்ளை வேட்டி, கையில் ரோஜாவின் சின்ன வயசுப் போட்டோ, கூட ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர். “என் அக்கா பொண்ணுங்க. அக்காவும் மாமாவும் போய்ட்டாங்க. நான்தான் வளத்தேன். தேடாத எடமில்ல” என்று துண்டால் கண்ணைத் துடைத்தார். பார்த்தால் நமக்கே இரக்கம் வரும். மூன்று மாடு இருக்கிறது, இவள்தான் பார்த்துக்கொள்வாள், இவள் போனதிலிருந்து மாடுகூடப் பால் குறைந்துவிட்டது என்றார். அந்த இடத்தில் எனக்கு இரக்கம் கொஞ்சம் குறைந்தது.

கார் சத்தம் கேட்டபோதே ரோஜா சமையல்கட்டுக்குள் வந்து அரிசி மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டாள். அம்சவள்ளி வந்து பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பொறுத்து, “அது ஒங்க மாமாவா?” என்று கேட்டாள்.

“ஆமா.”

“அப்ப உனுக்கு ஊரு தெரியுமா ரோஜா?”

“தெரியும்.”

“மூணு வருசமா கேக்கறோமே, ஏன் சொல்லல?”

“சொன்னா கொண்டும்போய் உட்டுடுவீங்க” என்றாள் ரோஜா.

எனக்குச் சுரீர் என்றது. ஊர் தெரியாத பைத்தியம் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். அவள் மூன்று வருஷமாக ஊர்ப் பெயரைச் சொல்லாமல் எங்கள் எல்லோரையும் ஏமாற்றி, தன்னைத் தானே காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள்.

கலைப்பிரியா மேடம் உடனே அனுப்பவும் இல்லை, அடித்து விரட்டவும் இல்லை. விழுப்புரத்தில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்குத் தகவல் சொன்னார். ரோஜா வயது வந்தவள், மாமன் என்பதாலேயே அவர் பொறுப்பாளர் ஆகிவிடமாட்டார், எங்கே இருப்பது என்பதில் அவள் விருப்பம்தான் முக்கியம், அதை அவள் வாயால் கேட்பார்கள் என்று எங்களுக்கு விளக்கினார். கேட்டதும் எனக்கு நிம்மதி. அம்சவள்ளிக்கு முகமே செத்துவிட்டது. “மாஸ்டர், பெரிய ஆளுங்க கேட்டா அது எல்லாத்துக்கும் சரின்னு சொல்லுமே” என்றாள். “நான் ஒரு நிமிஷம் சிரிச்சதுக்கு அது வாழ்நாளு பூரா சாணி அள்ளணுமா?”

விசாரணை அன்றைக்கு டிரைவர் லீவு, நானே வேனை ஓட்டிக்கொண்டு போனேன். அம்சவள்ளி கூட உட்காரலாம், வாய் திறக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நான் கதவோரமாக நின்றுகொண்டேன். அலுவலர் ஒரு அம்மா. கண்ணாடி போட்டவர், மரியாதையாகத்தான் பேசினார்.

“ரோஜா, மாமா வீட்டுக்குப் போறீங்களா?”

ரோஜா தரையைப் பார்த்தாள். “சரி.”

அப்பாதுரை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இல்ல, இல்லத்துலயே இருக்கீங்களா?”

“சரி.”

அந்த அம்மா கொஞ்சம் யோசித்தார். “டெல்லிக்குப் போறீங்களா?”

“சரி.”

பேனாவை மூடி வைத்துவிட்டு, “எல்லாரும் ஒரு டீ சாப்பிட்டு வரலாம்” என்றார். விவரமான அம்மா. இந்தச் சரிக்கு அர்த்தமில்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அர்த்தமுள்ள பதிலை எப்படி வரவைப்பது என்று அவருக்கும் தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

வராண்டாவில் நின்றோம். அப்பாதுரை எதிர்க்கடைக்குப் போய் ஒரு பொட்டலத்தோடு திரும்பி வந்தார். பிரித்தார். சூடான உளுந்து வடை, மிளகு போட்டது. வாசனையில் எனக்கே நாக்கில் தண்ணி ஊறியது. “ரோஜா கண்ணு, உனக்குப் புடிக்குமேன்னு வாங்கியாந்தேன். துன்னும்மா.”

போச்சுடா என்று நினைத்தேன். நான் சுட்ட வடையை இந்த மூன்று வருஷத்தில் அவள் ஒருநாளும் மறுத்ததில்லை. பக்கத்து இலை வடையையும் விட்டதில்லை. ரோஜாவின் கை முன்னால் வந்தது. வந்து, பாதியில் நின்றது. அப்புறம் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

“வேணாம்” என்றாள்.

“இன்னாம்மா, சும்மா வாங்கிக்க.”

“வேணாம்.”

அவர் சிரித்துக்கொண்டே வடையை அவள் வாயருகில் கொண்டுபோனார். ரோஜா ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். காந்திமதியின் குரல் இவளுக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. “வேணாம் மாமா. வடயும் வேணாம். மாடும் வேணாம். அங்க வேணாம். நீ வேணாம்.”

வராண்டாவே திரும்பிப் பார்த்தது. அம்சவள்ளி பேசக்கூடாதே என்று முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றாள், கண் மட்டும் நிரம்பி வழிந்தது. டீ கிளாஸோடு கதவருகே நின்றிருந்த அலுவலரம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே கூப்பிட்டு நிதானமாக, மாற்றி மாற்றிக் கேட்டார். இந்த முறை ரோஜா எதற்கும் சரி சொல்லவில்லை. அவள் இல்லத்திலேயே இருக்கலாம், அவள் சம்மதித்தால் மட்டும் மாமா வந்து பார்க்கலாம் என்று முடிவானது. அப்பாதுரை பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. சந்தோஷம்தான் அதிகம்.

வேன் ஊரைத் தாண்டியதும் பின் சீட்டிலிருந்து ரோஜா கேட்டாள்: “மாஸ்டர், அந்த வட எங்க?”

விக்கிரவாண்டியில் என் பழைய ஓட்டலில் வண்டியை நிறுத்தினேன். அவள் தின்ற வேகத்தைப் பார்த்துக் கல்லாவில் இருந்தவனே எழுந்து வந்துவிட்டான்.

மறுநாள் கலைப்பிரியா மேடம் ரோஜாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். “எது வேணாம்னு சொல்லிட்டீங்க ரோஜா. உங்களுக்கு எது வேணும்? யோசிச்சு சொல்லுங்க.” சேலை கேட்பாள், கண்ணாடி வளையல் கேட்பாள், சினிமாவுக்குப் போகணும் என்பாள் என்று நாங்கள் ஆளுக்கொன்று நினைத்துக்கொண்டு நின்றோம். அவள் நெடுநேரம் யோசித்தாள். அம்சவள்ளி வழக்கம்போலக் காத்திருந்தாள்.

“தாப்பா” என்றாள் ரோஜா. “ரூமுக்கு தாப்பா வேணும். உள்பக்கம்.”

எங்கள் இல்லத்தில் அறைக் கதவுகளுக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. யாருக்காவது வலிப்பு வந்து உள்ளே விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று ஆரம்பத்திலேயே வைக்காமல் விட்டிருந்தார்கள். நல்ல எண்ணம்தான். எல்லாம் நல்ல எண்ணம்தான்.

“அங்க கதவே இல்ல” என்று ரோஜா சொன்னாள். “யாரு வேணா வருவாங்க.”

அவ்வளவுதான் சொன்னாள், எழுந்து காந்திமதியோடு துணி மடிக்கப் போய்விட்டாள். அம்சவள்ளி சமையல்கட்டுக்கு வந்து தூணில் சாய்ந்து நின்றாள். “எல்லாத்தயும் கேட்டுக் கேட்டுதான செய்றேன்னு பெருமையா இருந்தேன் மாஸ்டர். நான் எந்நேரமும் கதவத் தொறந்துக்கினு உள்ள போய் நின்னுதான கேட்டுக்கினு இருந்திருக்கேன்” என்றாள். தப்பு உன்மேல் இல்லை என்று சொன்னேன். சொன்னதில் ஒரு பிரயோஜனமும் இல்லை, ஒரு பாட்டம் அழுதுவிட்டுத்தான் ஓய்ந்தாள்.

திண்டிவனத்திலிருந்து ஆசாரி வந்தார். உள்ளேயிருந்து போட்டுக்கொள்ளலாம், ஆபத்து என்றால் வெளியிலிருந்து ஒரு திருகில் திறந்துவிடலாம், அப்படி ஒரு தாழ்ப்பாளைக் கொண்டுவந்தார். ரோஜா, காந்திமதி இருக்கிற அறைக்குத்தான் முதலில். அதற்குள் மற்ற அறைக்காரிகளும் எங்களுக்கும் வேணும் என்று கிளம்பிவிட்டார்கள். ஆசாரி திருகாணியை முடுக்கியதும் ரோஜா போட்டாள், எடுத்தாள், போட்டாள், எடுத்தாள். காந்திமதி வெளியே நின்று கைதட்டி ஹேப்பி பர்த்டே பாடினாள்.

அடுத்த நாள் விடியற்காலை அடுப்பு மூட்டியபோது எனக்கு ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. அப்புறம்தான் புரிந்தது. இந்த மூன்று வருஷமும் நான் எந்த நேரத்துக்கு எழுந்து வந்தாலும் ரோஜா எனக்கு முன்னால் முழித்துக்கொண்டு சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்திருப்பாள். சுறுசுறுப்பான பொண்ணு என்று எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். இன்றைக்கு வாசல் காலியாக இருந்தது.

எல்லோரும் சாப்பிட்டு முடித்தார்கள். ரோஜா மட்டும் வரவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். அறைக் கதவு உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது. காந்திமதியும் அம்சவள்ளியும் வெளியே தரையில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். மணி அடிக்கிற மாதிரி இருக்கும் என் குரல் எல்லோருக்கும் தெரியும் என்பதால் அம்சவள்ளி முன்கூட்டியே உதட்டில் விரலை வைத்தாள்.

“காந்திமதி எந்திரிச்சி வந்ததும் மறுபடி போட்டுக்கினு படுத்துடுச்சி” என்று கிசுகிசுத்தாள். “தூங்குது மாஸ்டர். இங்க வந்து இன்னிக்குதான் தூங்குது.”

நான் சத்தம் போடாமல் திரும்பி வந்து, அவளுக்குத் தனியாக ஒரு ஈடு இட்லிக்கு மாவை எடுத்து வைத்துவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டுக் காத்திருந்தேன்.